குஷாய்குடா வீட்டுக்கு வைத்த சங்கு

“…அவசரமில்லீங்க தம்பி, ஆனா சங்கு இன்னும் ஊதலீங்களே. ஒயரை மறுக்கா ஒருக்கா பாத்துருங்க.”

குஷாய்குடாவில் ஒரு வீட்டில், கட்டிலில் மல்லாந்து படுத்தபடி ஒரு பெரியவர் என்னிடம் சொன்னது இது. நான் அவருடைய படுக்கையறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வீடுகளுக்கு அலாரம் மாட்டுகிற வேலையில், யார் என்ன குறை சொன்னாலும் வாயாலேயே ஒரு சமாதானம் சொல்லிவிடுகிற ஆள் நான். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்று எங்கள் அம்மா என்னைப் பார்த்துத்தான் சொல்வாள். வங்காளம் போகவில்லை, ஹைதராபாத் வரைக்கும் வந்தேன். அந்த வாய் அன்றைக்கு அடைத்துப்போயிற்று. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முதல் நாள் வந்த தொலைபேசியிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது உப்பலில் ஒரு சின்னக் கடையில் எனக்கு வேலை. படித்தது எட்டாவது வரை. மற்றதெல்லாம் பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்து, அப்படியே கற்றுக்கொண்டது. அமீர்பேட்டில் ஆறு மாதம் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு வீட்டுக்கொரு பிள்ளை பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. பின்னால் தங்கிவிட்ட பெற்றோர்களின் கதவுகளில் நாங்கள் காந்தம் ஒட்டிக்கொண்டிருந்தோம். கதவு திறந்தால் காந்தம் விலகும், விலகினால் சைரன் அலறும். தொழில் அவ்வளவுதான்.

கடை முதலாளி தெலுங்குக்காரர். அன்றைக்குப் போனை எடுத்தவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, உங்கள் ஊர்க்காரர் போலிருக்கிறது, நீயே பேசு என்று என்னிடம் தந்துவிட்டார். மறுமுனையில் ஒரு கனத்த குரல். “தம்பி, எங்க ஊட்டுக்கு ஒரு சங்கு வேணுங்க. எங்க ஊட்டம்மாவுக்காகத்தாங்க.”

எங்கள் ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குச் சங்கு வேண்டும் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அலாரம் கடைக்கு எதற்குச் சொல்கிறார், துக்கத்தில் நம்பர் மாறிப் போட்டுவிட்டார் போல என்று நினைத்து, குரலைத் தாழ்த்தி, “எப்பய்யா தவறினாங்க?” என்று கேட்டேன்.

“நாளைக்கு மூணு மணிக்குங்க,” என்றார் அவர். “அதுதான் தோதுங்க.”

அவர் கோயமுத்தூர்க்காரர் என்பதும், மில் சைரனைச் சங்கு என்று சொல்லியே வளர்ந்தவர் என்பதும், கதவு திறந்தால் ஊதுகிற சைரன்தான் அவருக்கு வேண்டும் என்பதும் எனக்குப் புரிய ஐந்து நிமிடம் ஆனது. போனை வைத்ததும் கடையில் எல்லாருக்கும் இதைச் சொல்லிச் சிரித்தேன். நாளைக்கு மூன்று மணிக்குச் சாகப்போகிற அம்மாவாம் என்று முதலாளி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் கேட்டது ஒன்று, அவர் சொன்ன பதில் வேறொன்று என்பதை அந்த நேரத்தில் யாரும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர்களுடைய மகள் கடைக்குப் பேசினாள். ஒரே பெண், பெங்களூரில் மென்பொருள் வேலை. அம்மாவுக்கு இரண்டு வருடமாக ஞாபகம் தவறிக்கொண்டு வருகிறது என்றாள். அப்பா மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்கிற நேரத்தில் அம்மா கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறார். முதல் தடவை, தொழிற்சாலை பஸ் நிற்கிற இடத்தில் டிபன் கேரியரும் கையுமாக நின்றாராம். அப்பா சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார் என்று எண்ணம். அப்பா ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியிருந்தது. இரண்டாம் தடவை உப்பலில், பெரிய ரோட்டின் நடுவே, லாரிகளுக்கு மத்தியில். ஒரு ஆட்டோக்காரர் வீடு கண்டுபிடித்துக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

மகள் பெங்களூரில் ஒரு இல்லம் பார்த்து வைத்திருந்தாள். ஞாபகம் போனவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். அங்கே அம்மாவுக்கு மட்டும்தான் இடம் உண்டு. அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. கதவுக்குச் சங்கு வைத்துக்கொள்கிறேன், அது ஊதினால் நான் எழுந்துவிடுவேன், அவளை என்னிடமிருந்து பிரிக்காதே என்று கேட்டிருக்கிறார். சரி, ஒரு தடவை பார்ப்போம் என்று இவள் இறங்கி வந்திருக்கிறாள்.

“அப்பா போன்ல எதுக்குமே நேராப் பதில் சொல்றதில்லைங்க. நான் ஒண்ணு கேட்டா அவர் ஒண்ணு சொல்வார், இல்லேன்னா அம்மாகிட்ட போனைக் குடுத்துடுவார். அதனால நீங்க சொல்லுங்க. அவரைப் படுக்க வச்சு சைரனை அடிச்சுப் பாருங்க. எழுந்தாரா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரிஞ்சாப் போதும். எழுந்துக்கலைன்னா இந்த மாசக் கடைசியில நான் வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன்.”

நான் சரி என்றேன். சைரனைக் கடை மேசையில் வைத்துப் பேட்டரியில் ஒரு நொடி கொடுத்துப் பார்த்தேன். பக்கத்துக் கடை ஆள் எட்டிப் பார்த்துத் திட்டினான். நல்ல சரக்கு. பையில் போட்டுக்கொண்டு மொபெட்டில் கிளம்பினேன்.

மணி அடித்தேன். அந்த அம்மாதான் கதவைத் திறந்தார். நல்ல வெளுப்பு, நரைத்த முடியை இழுத்துப் பின்னியிருந்தார். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், பேச்சில் பாதிக்குப் பாதி அந்த ஊர் உருதுக் கலப்பு. “வா பாபு. மணி அடிச்சா நான்தான் போயி சொல்லணும் இவருக்கு,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியவரின் தோளைத் தொட்டு என்னைக் காட்டினார். அவர் எழுந்து வந்து என் முகத்தையே பார்த்துப் பேசினார். பேசும்போது கண்ணை எடுக்கவேயில்லை. எவ்வளவு மரியாதையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

மின்னணுச் சாமான் செய்கிற அரசுத் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்தவர். எனக்கு வேலை மிச்சமாகட்டும் என்று, முன்னறையிலிருந்து சமையலறை வழியாகப் படுக்கையறைக் கட்டிலின் தலைமாடு வரைக்கும் அவரே ஒயர் இழுத்து வைத்திருந்தார். சாணுக்கொரு கிளிப், நூல் பிடித்த மாதிரி. “ஒரே ஒயருங்க. நடுவால முடிச்சே கெடையாது,” என்றார்.

கதவைப் பூட்டி வைத்தால் போதாதா ஐயா, இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். வாய் சும்மா இருக்காதே. பெரியவர் ஒயரின் நுனியைச் சீவிக்கொண்டே சொன்னார். “ஒருக்காப் பூட்டுனேனுங்க. கதவைத் தட்டித் தட்டிக் கையெல்லாம் கன்னிப்போச்சு. அன்னைக்குப் பொழுதுக்கும் என்னை வாட்ச்மேன்னுதான் கூப்பிட்டா. அப்பறம் பூட்டுறதில்லீங்க.”

ஒரு மணி நேரத்தில் முன்னறைச் சுவரில் பெட்டி, கதவில் காந்தம், கட்டில் தலைமாட்டில் சைரன் எல்லாம் ஏறிவிட்டது. பெட்டியைத் தயார் நிலையில் வைத்துக் கதவைத் திறந்தேன். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. படுக்கையறையில் சைரன், தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டு மாதிரி ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது. “ஊதலீங்களே,” என்றார் பெரியவர். இந்தத் தடவை அவர் சொன்னது உண்மை.

மீட்டரை எடுத்தேன். பெட்டியிலிருந்து புறப்படுகிற இடத்தில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேலேயே இருந்தது. ஒயரின் மறுநுனியில் சைரனைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் அங்கேயும் அதே பன்னிரண்டு. சைரனை மாட்டினால் இரண்டுக்கு விழுந்துவிடுகிறது. இதற்கு எங்கள் முதலாளி ஒரு வசனம் வைத்திருந்தார்: சும்மா நிற்கிற எருது எல்லாமே பலசாலிதான், வண்டியில் பூட்டினால்தான் தெரியும். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நாங்கள் சைரனுக்குப் பதிலாக ஒரு கார் பல்பைச் சுமையாக மாட்டிப் பார்ப்போம். மாட்டினேன். பல்பின் இழை பழுத்த மிளகாய் மாதிரி சிவந்ததே தவிர எரியவில்லை. வழியில் எங்கேயோ ஒரு முடிச்சு இருக்கிறது, அது சரியாகப் பிடிக்கவில்லை.

“முடிச்சே இல்லீங்க,” என்றார் பெரியவர் மறுபடியும்.

ஒயர் போன வழியெல்லாம் விரலால் தடவிக்கொண்டே தேடினேன். நடுவில் ஸ்க்ரூடிரைவரைக் காணோம், கொண்டுவந்த ஞாபகம் இருந்தது. சரி, இன்னொன்றை எடுத்துக்கொண்டேன். அவர் மனம் நோகக்கூடாதே என்று பழியைக் கடை மேல் போட்டுப் பேசினேன். நல்ல ஒயராக வாங்கி வையுங்கள் என்று முதலாளியிடம் எத்தனை தடவை சொன்னாலும் அது செவிடன் காதில் ஊதின சங்குதான் ஐயா என்றேன். சங்கு மாட்ட வந்த இடத்தில் சங்குப் பழமொழி. எனக்கே என் சாமர்த்தியம் பிடித்திருந்தது.

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “ஹவ் பாபு, ஹவ், ஆமா. இவரும் அப்படித்தான்.” எந்த மனைவிதான் அப்படிச் சொல்லமாட்டாள்? நானும் சிரித்தேன். பெரியவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் அவரும் சிரித்தார். இன்றைக்கும் நான் ஏதாவது பேச்சில் பழமொழியைத் தூக்கிப் போடப் போகும்போது, கொஞ்சம் தாமதமாக வந்த அந்தச் சிரிப்பு குறுக்கே வந்து நிற்கும்.

சிரித்து முடித்த அம்மா, “கைக்கு, ஏன் அங்க தேடுற? பரண் மேல பாரு,” என்றார். “ஒயரு பத்தல இவருக்கு. கட்டு போட்டாரு. கையி ஆடுது, கீழ வந்துடுங்க, நக்கோ, வேணாம்னு சொன்னேன். கேக்கல.”

காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது அந்த அம்மாவுக்கு நினைவில்லை. நான் வந்ததிலிருந்து என் பெயரை நாலு தடவை கேட்டுவிட்டார். ஆனால் பரண் மேல் இரண்டு அலுமினியப் பாத்திரங்களுக்குப் பின்னால், டேப் சுற்றி அந்த முடிச்சு இருந்தது. பற்றவைக்காமல் வெறுமனே முறுக்கி விட்டது. டேப்பைப் பிரித்ததும் ஒரு கம்பி தானாகவே கழன்று கையில் வந்தது.

பெரியவர் அதை வாங்கிப் பார்த்தார். “நான் போட்டதுங்களா இது?” என்றார். என்னிடம் கேட்கவில்லை. தொழிற்சாலையில் அவர் பற்றவைத்த முனை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தார். பரண் என்றால் எலி ஓடும் ஐயா, எலி இழுத்திருக்கும் என்றேன்.

“எலி முறுக்காதுங்க தம்பி,” என்றார் அவர்.

பழுப்புக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த தன் பழைய சால்டரிங் கம்பியை அவரே எடுத்து வந்தார். நான் பற்றவைத்தேன், அவர் ஒயரைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா சொன்ன மாதிரி கை ஆடத்தான் செய்தது. பல்பை மாட்டினேன். கண் கூசுகிற மாதிரி எரிந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. ஒயரில்தான் கோளாறு, ஒயர் சரியாகிவிட்டது, இனிமேல் மகளுக்குத் தைரியமாகச் சொல்லலாம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே சந்தோஷம். மகள் கேட்டபடியே செய்து காட்டிவிடலாம் என்று அவரே சொன்னார். பல்பைக் கழற்றிவிட்டுச் சைரனை மாட்டினேன். அவர் சட்டைப் பித்தானை ஒன்று கழற்றிவிட்டுக்கொண்டு கட்டிலில் மல்லாந்து படுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறவர் மாதிரியே இருக்க வேண்டும் என்று கையிரண்டையும் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். மெதுவாவே செய்ங்க தம்பி, அவசரமில்லை என்றார்.

நான் போய்த் தெருக்கதவைத் திறந்தேன்.

அத்தனை வருடத்தில் எத்தனையோ சைரன் கேட்டிருக்கிறேன். மூடிய அறைக்குள் அது அலறினால் பல் கூசும். அடுத்த வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஏமைந்தி, என்ன ஆச்சு என்று தெலுங்கில் கத்தினாள். நான் காதைப் பொத்திக்கொண்டு படுக்கையறை வாசலுக்கு வந்தேன். எழுந்து உட்கார்ந்திருப்பார், சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

அவர் கண்ணை மூடியே படுத்திருந்தார். தலைக்கு ஒரு முழம் மேலே சைரன் அலறிக்கொண்டிருந்தது. உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு, பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருக்கிற பிள்ளையின் சிரிப்பு. விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பத்து எண்ணுகிற நேரம் ஆயிற்று. இருபது ஆயிற்று. அப்புறம்தான் ஒவ்வொன்றாக எனக்கு உறைத்தது. எப்போது தவறினார்கள் என்று கேட்டதற்கு நாளைக்கு மூன்று மணி என்றது. மகளின் மெல்லிய குரல் போனில் எட்டாமல் மனைவியிடம் கொடுத்துவிடுவது. மணி அடித்தால் தோளைத் தொட்டுச் சொல்வது. என் தடித்த குரல் கிட்டத்தில் நின்றால் கொஞ்சம் கேட்டிருக்கும், மீதியை உதட்டைப் பார்த்து நிரப்பியிருப்பார். கீச்சென்ற சத்தம் எதுவும் அவருக்கு இல்லை. எத்தனை வருடமாக இல்லையோ. மனைவிக்கு ஞாபகம் இருந்தவரை அது வெளியே தெரியவில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்காமல், விட்டத்தைப் பார்த்தபடியே சொன்னார். சங்கு இன்னும் ஊதலீங்களே, ஒயரை மறுக்கா ஒருக்கா பாத்துருங்க என்று.

நான் காதிலிருந்து கையை எடுக்கவும் மறந்து நின்றேன். அதற்குள் சமையலறையிலிருந்து அந்த அம்மா வேக வேகமாக வந்தார், கையில் டிபன் கேரியர். என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“சங்கு ஊதிடுச்சு. இன்னும் படுத்திருக்கீங்க? பஸ்ஸு போயிடும்.”

பெரியவர் மனைவியின் உதட்டைப் பார்த்தார். அப்புறம் வாசலில் காதைப் பொத்திக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். எழுந்து முட்டி போட்டு, தலைமாட்டுச் சுவரில் இருந்த சைரன் மேல் உள்ளங்கையை வைத்தார். அது அவர் கையில் அதிர்ந்திருக்கும். கையை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நான் ஓடிப்போய்ப் பெட்டியை அணைத்தேன். திரும்பி வரும்போதும் கை அங்கேயே இருந்தது.

இன்றைக்கு என்றால் தலையணைக்கு அடியில் வைத்து உலுக்குகிற கருவியெல்லாம் இருக்கிறது, நானே இரண்டு வீட்டில் வைத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தெரிந்தது வாய்தான். அவர் முகத்துக்கு நேரே போய், ஒயரில் இன்னும் ஏதோ கோளாறு ஐயா, அடுத்த வாரம் வந்து முழுக்க மாற்றிவிடுகிறேன் என்றேன். மாதக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

“ஒயர்ல ஒண்ணுமில்லீங்க தம்பி,” என்றார் அவர்.

கட்டிலில் இருந்து இறங்கினார். மனைவியிடமிருந்து டிபன் கேரியரை வாங்கி மேல் மூடியைத் திறந்து பார்த்தார். பச்சரிசி. அதன் மேல் என் ஸ்க்ரூடிரைவர். அதை எடுத்து வேட்டியில் துடைத்து என்னிடம் தந்துவிட்டு, மூடியைப் பழையபடி அழுத்தி மூடினார். கேரியரைத் தொங்கவிட்ட கையோடு முன்னறைக்குப் போனார். மனைவி பின்னாலேயே போனார், பஸ் ஏறும்வரை வாசலில் நிற்கப் போகிறவர் மாதிரி. பெரியவர் வாசலுக்குப் போகவில்லை. போன் இருந்த முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் பெங்களூர் நம்பரை ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். ரிசீவரைக் காதில் வைக்கவேயில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை என் பக்கம் நீட்டினார்.